விளையாட்டரங்கை முடக்கிய சிறு பொதி

ஒருவன் கடையொன்றினுட் புகுந்து பொருளைக் களவாடலாம். அன்றி, வாயிலிலே பொய்க்கூட்டத்தை நிறுத்தி, வாங்க வந்தோர் எவரும் உட்செல்லாதவாறு தடுக்கலாம். இரண்டாவது செயலிற் களவு யாதுமில்லை. ஆயினும் வாணிகம் நின்றுபோகின்றது. கணினி உலகில் இதனைச் சேவை மறுப்புத் தாக்குதல் என்பர். 1996ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில், நியூயோர்க் நகரிலிருந்த பனிக்ஸ் என்னும் இணைய நிறுவனம் இவ்வாறு முடங்கிற்று. தொடர்புகொள்வதுபோற் காட்டிப் பின் மறுமொழி கூறாதுவிட்ட எண்ணற்ற பொய் அழைப்புக்கள், அதன் வழங்கிகளை வீணே காத்திருக்கச் செய்தன.

கூட்டமே இன்றி, தனியொருவன் இதே கேட்டை விளைத்தலுங் கூடும். அதற்குச் சான்று ஒரு விளையாட்டின் வரலாற்றிலே கிடைக்கின்றது.

சுவீடன் நாட்டவரான மார்க்குஸ் பெர்சன் 2009ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்ட மைன்கிராப்ற், கட்டிகளை அடுக்கி உலகமொன்றைச் சமைக்கும் விளையாட்டாகும். இளைஞர் பலர் தஞ்செலவிலே வழங்கிகளை நிறுவி, பிறரையும் அழைத்து விளையாடினர். மூல நிரலில் இல்லாத வசதிகளைச் சேர்ப்பதற்குச் செருகுநிரல்கள் பல எழுந்தன. சிலருக்கு இதுவே பிழைப்பாகவும் ஆயிற்று.

ஆட்டக்காரன் கையிலுள்ள பொருளின் விபரத்தை அவனுடைய கணினி ஒரு பொதியாகக் கட்டி வழங்கிக்கு அனுப்பும். அப்பொதியிலே பட்டியலுக்குட் பட்டியல் வைக்க இடமிருந்தது. பழுதும் அங்கேதான் இருந்தது. ஒரு பட்டியலுக்குட் பத்து, அவை ஒவ்வொன்றினுள்ளும் பத்து என ஆறு படி சென்றாற் பத்து இலட்சமாகும். ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருதலின், இப்பெருங்குவியலை அழுத்திச் சுருக்கினால் அது மிகச் சிறிதாகிவிடும். வழங்கியோ, வந்த பொதி தகுந்ததா என்று ஆராயுமுன்னரே அதனை விரித்து, உள்ளிருந்த ஒவ்வொரு வெறும் பட்டியலுக்கும் நினைவகத்தில் இடம் ஒதுக்கிற்று. நினைவகம் நிரம்பும், இயக்கம் நிற்கும், அரங்கிலிருந்த அனைவரும் வெளியே தள்ளப்படுவர்.

இக்குறையைக் கண்ட நிரலாளர் ஒருவர் 2013ஆம் ஆண்டு யூலை மாதத்தில், விளையாட்டை உருவாக்கிய மொஜாங் நிறுவனத்துக்கு அறிவித்தார். புதிய பதிப்புக்கள் வந்தன, பழுது நீங்கவில்லை. 2014இல் நிறுவனம் மைக்ரோசொப்ற்றின் கைக்கு மாறிற்று, அப்பொழுதும் நீங்கவில்லை. ஈற்றில் 2015 ஏப்பிரல் 16ஆம் நாள், அவர் அதனைச் செய்துகாட்டும் நிரலோடு பகிரங்கமாக வெளியிட்டார். மறுநாளே 1.8.4 என்னும் திருத்திய பதிப்பு வந்தது! முன்னர் ஒரு திருத்தம் முயலப்பட்டதென்பதும், அது குறையைத் தீர்க்கவில்லையென்பதும் பின்னரே தெரியவந்தன.

அவர் செய்தது சரியா? ஈராண்டு பொறுத்தவரை அவசரக்காரர் என்று கூறுதல் நியாயமன்று. பெரும்பிழை நிறுவனத்தின் பாராமுகமே. ஆயினும், செய்துகாட்டும் நிரலையும் உடன் வெளியிட்டமை மெச்சத்தக்கதன்று. அதனால் இடருக்குள்ளானோர், பழுதை ஆக்கியவருமல்லர், மறைத்தவருமல்லர். சிறு வழங்கிகளை நடாத்தியோரே. அவர்தம் செருகுநிரல்கள் குறித்த பதிப்புக்கென எழுதப்பட்டவையாதலின், புதிய பதிப்புக்கு ஒரே இரவில் மாறுதல் பலருக்கு இயலாத காரியம்.

2021ஆம் ஆண்டு டிசெம்பரில் இதே விளையாட்டு மீண்டும் இடர்ப்பட்டது. இம்முறை குறை அதன் சொந்த நிரலில் இல்லை. நிகழ்வுகளைக் குறித்துவைப்பதற்கென அதனோடு சேர்க்கப்பட்டிருந்த லொக்போர்ஜே என்னும் துணைநிரலில் இருந்தது. உரையாடற் பகுதியில் எழுதிய ஒரு வரியே, வழங்கியை அந்நியன் ஏவலுக்கு உட்படுத்தப் போதியதாயிற்று. பெரும்பாலும் ஊதியமின்றி அதனைப் பேணிவந்தோர் 2.15, 2.16 எனத் திருத்தங்களை அடுத்தடுத்து வெளியிட்டனர். அம்மாதம் 18ஆம் நாள் 2.17 என மேலும் ஒன்று வேண்டியதாயிற்று. அது நீக்கியது ஒரு சேவை மறுப்புப் பழுதை: தன்னுள்ளே தன்னையே மீண்டும் அழைக்கும் ஒரு சொற்றொடர், முடிவின்றிச் சுழன்று நிரலை வீழ்த்தியது.