நிழற்படக் குறிப்புரையும் மொழிபெயர்ப்பும்

போர்க்காலக் கொடுமைகளுக்குச் சான்றாகும் நிழற்படங்களுட் பல, கொடுமை இழைத்தோரே எடுத்தவை. அவற்றின் குறிப்புரைகளும் அவர்தம் மொழியே. ஆஷ்விட்ஸ் படத்தொகுப்பு இதற்குத் தக்க சான்று. 1944 மே மாதம் அங்குக் கொண்டுசெல்லப்பட்ட லிலி ஜேக்கப் என்னும் யூதப் பெண், 1945இல் டோரா முகாம் விடுவிக்கப்பட்டபோது இதனைக் கண்டெடுத்தார். ஏறத்தாழ 190 படங்களைக் கொண்ட அதனுள் தம் தம்பியர் இருவரைக் கண்டார். 1980இல் எருசலேமிலுள்ள யாட் வஷேம் நிறுவனத்திற்கு அதனை அளித்தார்.

தொகுப்பின் முகப்பில் 'உம்சீட்லுங்' என்னும் ஜெர்மன் சொல் உள்ளது; 'இடம்மாற்றிக் குடியமர்த்துதல்' என்பது அதன் பொருள். பெண்டிரும் குழந்தைகளும் நிற்கும் படங்களின் தலைப்பு, அவர்களை 'இனிப் பணிக்கு உதவாதோர்' என்கிறது. அவ்வாறு பிரிக்கப்பட்டோர் நச்சுவாயுக் கூடங்களில் கொல்லப்பட்டனர். கொலை என்னும் சொல்லோ தலைப்புகளில் இல்லை.

இத்தொடரைக் 'கொல்லப்படவிருந்தோர்' எனப் பெயர்த்தால், கொலையைச் சொல்லால் மறைத்தமைக்கான சான்று அழியும். விளக்கமின்றிப் பெயர்த்தாலோ அம்மறைப்பு தமிழிலும் தொடரும். 'கொலை' எனத் தேடுவோர்க்குப் படமும் அகப்படாது. ஆதலின் மூலத்தை மேற்கோட்குறியுள் நேராகப் பெயர்த்து, நிகழ்ந்ததைக் காப்பகத்தின் கூற்றாகத் தனியே தருதல் வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலத்தல் ஆகாது.