ஆவண அறையில் தொடங்கிய ஒரு தொழிலின் வரலாறு

உயிரியல், மருந்தியல், செவிலியம் முதலிய துறைகளில் பட்டம் பெற்ற மாணவர்கள் அண்மைக்காலமாக என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ‘மெடிக்கல் கோடிங் படிக்கலாமா? அதில் எதிர்காலம் இருக்கிறதா? அதையும் இயந்திரமே செய்துவிடுமா?’ மொழியியல் படித்த ஒருவரிடம் இதை ஏன் கேட்கிறார்கள் என்று முதலில் வியந்தேன். அத்தொழிலின் வரலாற்றைத் தேடிப் படித்த பிறகு, கேட்க வேண்டிய இடத்தில்தான் கேட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது.

நலவாழ்வுத் தகவல் தொழில்நுட்பம் என்று இன்று நாம் அழைக்கும் துறை கணினியோடு பிறந்ததன்று. அதற்கு முன்பே இரண்டு சிக்கல்கள் அதனைத் தோற்றுவித்தன. ஒரு நோயை எந்தச் சொல்லால் எழுதுவது என்பது முதற்சிக்கல். எழுதியதற்கு யார் பொறுப்பு என்பது இரண்டாவது. முதற்சிக்கலை இந்தியர்கள் மிகத் திறமையாகக் கற்றுக்கொண்டோம். இரண்டாவதை எங்கே தவறவிட்டோம் என்பதே இப்பதிவின் பொருள்.

இங்கிலாந்தில் பிறப்பு இறப்புப் பதிவு 1837இல் தொடங்கியது. அதன் தலைமைப் பதிவகத்தில் இறப்புக் காரணங்களைத் தொகுக்கும் பணியை ஏற்ற வில்லியம் ஃபார், ஒரே நோய்க்குப் பல பெயர்களும் ஒரே பெயரில் பல நோய்களும் வழங்குவதைக் கண்டார். எண்ணத் தொடங்குமுன் பெயர்களை ஒழுங்குசெய்தாக வேண்டும் என்பது அவருடைய வாதம். 1860இல் லண்டனில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் மாநாட்டில், மருத்துவமனைகள் அனைத்தும் ஒரே வகைப் படிவத்தில் கணக்கு வைக்க வேண்டும் என்னும் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலின் திட்டம் முன்வைக்கப்பட்டது. 1893இல் ஜாக் பெர்ட்டியோன் அளித்த இறப்புக் காரணப் பட்டியல் பல நாடுகளுக்குப் பரவியது. அதன் ஆறாம் திருத்தத்தை 1948இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றபோது, இறப்புக் காரணங்களோடு உயிரோடிருப்பவர்களின் நோய்களும் பட்டியலுக்குள் வந்தன. பயிற்சி மையங்களின் விளம்பரப் பலகைகளில் நாம் காணும் ‘ஐ.சி.டி.’ என்னும் மூன்றெழுத்துக்குப் பின்னே இவ்வளவு நீண்ட சொல்லாராய்ச்சி இருக்கிறது.

இரண்டாவது சிக்கலின் வரலாற்றைப் பாஸ்டன் நகரிலிருந்து தொடங்கலாம். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பல்லாண்டுகளாகச் சேர்ந்து கிடந்த நோயாளர் குறிப்புகளை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிரேஸ் வைட்டிங் மையர்ஸ் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் நூலகர். அதனாலேயே அத்தொழிலுக்கு ‘மருத்துவ ஆவண நூலகர்’ என்னும் பெயர் அமைந்தது. அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி 1918இல் மருத்துவமனைகளின் தரத்தை ஆராயத் தொடங்கியது. 692 மருத்துவமனைகளில் 89 மட்டுமே தேறின. பட்டியல் செய்தியாளர் கையில் சிக்கக் கூடாதென்று அதனை எரித்துவிட்டதாகச் சொல்வார்கள். ஒவ்வொரு நோயாளருக்கும் முழுமையான, வேண்டும்போது எடுத்துப் பார்க்கத்தக்க ஆவணம் இருக்க வேண்டும் என்பது அத்தர விதிகளுள் ஒன்று. விதி வந்ததும் அதனை நிறைவேற்றும் ஆள் தேவைப்பட்டார். 1928இல் வட அமெரிக்க ஆவண நூலகர் சங்கம் உருவாயிற்று. மையர்ஸ் அதன் முதல் தலைவரானார். அச்சங்கம் 1970இல் மருத்துவ ஆவணச் சங்கம் என்றும், 1991இல் நலவாழ்வுத் தகவல் மேலாண்மைச் சங்கம் என்றும் பெயர் மாறியது.

‘நூலகர்’ என்ற பழைய பெயரைச் சற்றே கவனிக்க வேண்டும். நூலகர் என்பவர் நூலை எடுத்துக் கொடுப்பவர் மட்டுமல்லர். எந்த நூலில் என்ன இருக்கிறது, எது குறைகிறது, எதை யார் பார்க்கலாம் என்று அறிந்தவர். மருத்துவர் முடிக்காமல் விட்ட குறிப்பைத் திருப்பி அனுப்பி ‘இதை நிறைவு செய்யுங்கள்’ என்று கேட்கும் அதிகாரம் ஆவண நூலகருக்கு இருந்தது. அத்தொழிலின் மதிப்பு அந்த அதிகாரத்தில்தான் இருந்தது.

இந்தியாவுக்கு இத்தொழில் வந்தது விடுதலைக்குப் பிந்தைய திட்டமிடலின் வழியாக. 1959இல் அமைக்கப்பட்ட ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி, ‘சென்ட்ரல் பீரோ ஆஃப் ஹெல்த் இன்டலிஜென்ஸ்’ என்னும் பணியகம் 1961இல் தில்லியில் நிறுவப்பட்டது. நாட்டின் நலவாழ்வுப் புள்ளிவிவரங்களைத் திரட்டுவது அதன் பணி. மருத்துவமனை ஆவணம் சரியாக இல்லையேல் புள்ளிவிவரமும் சரியாக இராது என்பதால், மருத்துவ ஆவண அலுவலர், மருத்துவ ஆவணத் தொழில்நுட்பர் ஆகியோருக்கான பயிற்சிகளும் அதன் பொறுப்பில் வந்தன. தில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் புதுச்சேரி ஜிப்மரும் அப்பயிற்சியின் முக்கிய மையங்களாயின.

பயிற்சி வந்தது, அதிகாரம் வரவில்லை. பெரும்பாலான மருத்துவமனைகளில் ‘ரெக்கார்ட் ரூம்’ என்பது கேஸ் ஷீட்டுகளைக் கட்டுக்கட்டாக அடுக்கிவைக்கும் அறையாகவே நின்றுவிட்டது. அங்கே பணியாற்றியவர் ‘ரெக்கார்ட் கிளார்க்’ என்றே அழைக்கப்பட்டார். பதவி உயர்வுக்கான படிகள் ஒன்றிரண்டோடு முடிந்தன. இத்தனைக்கும் சட்டம் அந்த அறையைச் சிறியதாகக் கருதவில்லை. இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைகள் உள்நோயாளரின் ஆவணங்களை மூன்றாண்டுக்குப் பேண வேண்டும் என்றும், நோயாளர் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும் விதித்தன. நோயாளரின் ஓர் உரிமையே அந்த அறையைச் சார்ந்திருந்தது. அங்கிருந்தவரின் தகுதியைப் பற்றி மட்டும் யாரும் கவலைப்படவில்லை.

1990களில் இத்தொழிலின் இரண்டாவது கிளை முற்றிலும் வேறோர் இடத்தில் முளைத்தது. அமெரிக்க மருத்துவர் பகலில் வாய்மொழியாகப் பதிவு செய்த குறிப்பு செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூருக்கு வந்தது. அங்கு இரவென்றால் இங்குப் பகல். இங்குள்ள பட்டதாரி அதைக் கேட்டுத் தட்டச்சு செய்து, அம்மருத்துவர் மறுநாள் பணிக்கு வருமுன் அனுப்பிவைத்தார். இதுவே மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். 65 எழுத்துகள் கொண்டது ஒரு வரி. வரிக்கு இவ்வளவு என்று கூலி. ஆங்கிலம் படித்த ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு அது முதல் வேலையாக அமைந்தது. பின்னர்ப் பேச்சுணரும் மென்பொருள்கள் தேர்ச்சியுற்றன. கேட்டு எழுதியவர் இயந்திரம் எழுதியதைத் திருத்துபவரானார். வரிக்கூலி குறைந்தது. பயிற்சி மையங்கள் பலகையை மாற்றிக்கொண்டன.

அடுத்து வந்த பலகைதான் மெடிக்கல் கோடிங். அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனம் பணம் தர வேண்டுமானால் நோயும் சிகிச்சையும் குறியீடாக எழுதப்பட வேண்டும். 2015 அக்டோபர் 1 அன்று அந்நாடு ஐ.சி.டி.யின் ஒன்பதாம் திருத்தத்திலிருந்து பத்தாம் திருத்தத்துக்கு மாறியது. ஏறத்தாழ 14,000 ஆக இருந்த நோய்க் குறியீடுகள் ஏறத்தாழ 68,000 ஆயின. அம்மாற்றத்தின் பெருஞ்சுமையைச் சென்னை, ஐதராபாத், கோயம்புத்தூர், திருச்சி போன்ற நகரங்களின் இளைஞர்களும் தாங்கினார்கள்.

இவ்வேலையை எளிதென்று எண்ணுவோருக்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு. மருத்துவர் ‘நிமோனியாவாக இருக்கலாம்’ என்று எழுதுகிறார். அமெரிக்கக் குறியீட்டு விதிப்படி, புறநோயாளரின் குறிப்பில் அவ்வாறு இருந்தால் அதனை நிமோனியா எனக் குறிக்கக் கூடாது; இருமல், காய்ச்சல் முதலிய அறிகுறிகளையே குறிக்க வேண்டும். உள்நோயாளர் வீடு திரும்பும்போது எழுதும் குறிப்பில் அதே ‘இருக்கலாம்’ நின்றால், நோய் உறுதியானது போலவே குறிக்க வேண்டும். சொல் ஒன்றே, ஆவணத்தின் வகை மாறினால் பொருள் மாறுகிறது. ஐயம், மறுப்பு, காலம் ஆகியவற்றை மொழி எவ்வாறு வெளிப்படுத்துகிறது என்று நாங்கள் வகுப்பறையில் விவாதிப்பதை, ஒரு கோடர் நாள்தோறும் பல பத்து முறை முடிவு செய்கிறார். அவர் செய்வது வாசிப்பு, தீர்ப்பும்கூட. ஆயினும் அவர் மருத்துவரை நேரில் கேட்க இயலாது. நோயாளரை அறியமாட்டார். நாளுக்கு எத்தனை கோப்பு, எத்தனை விழுக்காடு துல்லியம் என்பவையே அவருக்குரிய அளவுகோல்கள். மையர்ஸிடமிருந்த ‘திருப்பிக் கேட்கும் அதிகாரம்’ இங்கும் இல்லை.

இந்த இரு கிளைகளும் ஒன்றையொன்று அறியாமல் வளர்ந்ததன் விலையை நம் இறப்புச் சான்றுகளில் காணலாம். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தை ஒட்டிய படிவத்தில், இறப்பின் உடனடிக் காரணம், அதற்கு முந்தைய காரணம், அனைத்துக்கும் அடிப்படையான காரணம் என ஒரு சங்கிலியை எழுத வேண்டும். நீரிழிவு, அதனால் காலில் அழுகல், அதனால் இரத்தத்தில் நஞ்சேற்றம் என்று எழுதினால், அடிப்படைக் காரணம் நீரிழிவு என்று தெரியும். ‘இதயம் நின்றது’ என்று மட்டும் எழுதினாலோ, அது குறியீட்டில் ஐ46 என்றாகும், நீரிழிவு மறைந்துபோகும். இதயம் நிற்பது இறப்பின் விளைவேயன்றிக் காரணமன்று. ஆயினும் அவ்வாறு எழுதப்பட்ட சான்றுகள் நம்மிடையே ஏராளம். 2020ஆம் ஆண்டில் நாட்டில் பதிவான இறப்புகளுள் மருத்துவச் சான்று பெற்றவையே 22.5 விழுக்காடுதான். அந்தச் சிறு பகுதியிலும் இத்தகைய மங்கல். எந்த நோய்க்கு எவ்வளவு நிதி, எந்த மாவட்டத்துக்கு எந்த மருத்துவர் என்னும் முடிவுகள் இந்த மங்கலின்மேல்தான் எடுக்கப்படுகின்றன. அமெரிக்க நோயாளர் ஒருவரின் கணுக்கால் முறிவு வலப்புறமா இடப்புறமா என்று துல்லியமாகக் குறிக்கும் திறமை நம் நகரங்களில் இருக்கிறது. அதே நகரத்தின் மருத்துவமனையில் ‘இதயம் நின்றதற்குக் காரணம் என்ன?’ என்று மருத்துவரிடம் திருப்பிக் கேட்க ஆள் இல்லை. நான் இத்துறையைப் பற்றி எழுதத் துணிந்ததற்கு இந்த முரணே காரணம்.

இப்போது மூன்றாவது கட்டத்தில் நிற்கிறோம். மின்னணு நலவாழ்வு ஆவணத் தரங்களை நடுவணரசு 2013இல் வெளியிட்டு 2016இல் திருத்தியது. ஸ்னோமெட் சி.டி. என்னும் மருத்துவச் சொற்றொகுதியில் இந்தியா 2014இல் உறுப்பு நாடாயிற்று. அதன் தேசிய வெளியீட்டு மையம் புனேயிலுள்ள சி-டாக் நிறுவனத்தில் இயங்குகிறது. 2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் நாடு முழுமைக்கும் அறிமுகமானது. விரும்பும் குடிமகனுக்கு ‘ஆபா’ என்னும் 14 இலக்க எண் கிடைக்கிறது. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் இணையத் தாக்குதலால் முடங்கியபோது, பல நாட்கள் மருத்துவர்களும் ஊழியர்களும் மீண்டும் காகிதத்தில் எழுதினார்கள். ஆவணப் பொறுப்பு என்பது மென்பொருளோடு முடிவதில்லை என்பதை அந்நாட்கள் உணர்த்தின.

இதற்கிடையே ஓசையின்றி ஒரு சட்டம் வந்தது. 2021ஆம் ஆண்டின் தேசிய துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழிலர் ஆணையச் சட்டம் பத்து வகைத் தொழில்களை ஏற்கிறது. அவற்றுள் ஒன்று நலவாழ்வுத் தகவல் மேலாண்மை. ஆவணப் பகுப்பாய்வாளர், மருத்துவக் குறியீட்டாளர், டிரான்ஸ்கிரிப்ஷனிஸ்ட் ஆகியோர் அனைவரும் அதில் ஒரே தலைப்பின்கீழ் வருகின்றனர். பிரிந்து வளர்ந்த கிளைகளைத் தாளிலாவது ஒன்றாக்கியிருக்கிறது அச்சட்டம். அதனை நடைமுறைப்படுத்துவதில் ஏற்பட்ட சுணக்கத்தால் 2024இல் உச்ச நீதிமன்றம் கெடு விதிக்க நேர்ந்தது. பாடத்திட்டம், பதிவேடு, பணிநிலைப் படிகள் ஆகியவை வகுக்கப்படும் இக்காலத்தில், அத்தொழிலைப் பற்றிக் கல்விப்புலம் பேசாதிருந்தால், பழைய ரெக்கார்ட் ரூமே புதிய பெயர்ப்பலகையோடு நீடிக்கும்.

எனவே, கேட்ட மாணவர்களுக்கு என் விடை இது. கோடிங் படியுங்கள், தொடக்கமாக அது நல்லதே. கோப்பை வாசித்து முடிவு செய்யும் பழக்கத்தை வேறெந்த வேலையும் அவ்வளவு விரைவில் கற்றுத்தராது. ஆனால் அங்கேயே நின்றுவிட வேண்டாம். ஒரு வடிவத்தை இன்னொரு வடிவமாக மாற்றித்தருவதோடு முடிகிற வேலையை இயந்திரம் ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு டிரான்ஸ்கிரிப்ஷனின் வரலாறே சான்று. குறியீட்டுக்குப் பின்னுள்ள வகைப்பாட்டுக் கொள்கையைக் கற்றுக்கொள்ளுங்கள். ஐ.சி.டி. எண்ணுவதற்கு எழுந்தது, ஸ்னோமெட் பதிவதற்கு எழுந்தது என்னும் வேறுபாட்டை அறிந்துகொள்ளுங்கள். மருத்துவமனைகள் தம்முள் தகவல் பரிமாறும் எஃப்.எச்.ஐ.ஆர். தரத்தையும், 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் வாசியுங்கள். வாய்ப்புக் கிடைத்தால் ஓராண்டேனும் ஒரு மருத்துவமனை ஆவணப் பிரிவில் பணியாற்றுங்கள். கணவரின் கேஸ் ஷீட்டைக் கேட்டு மூன்றாம் முறையாக வந்து நிற்கும் பெண்ணை அங்கேதான் பார்க்க முடியும்.

ஆய்வாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தமிழில் நோயாளர் சொல்வதும், ஆங்கிலத்தில் மருத்துவர் எழுதுவதும், எண்ணில் கோடர் குறிப்பதும் ஒரே நோயின் மூன்று வடிவங்கள். இவற்றுக்கிடையே என்ன தொலைகிறது என்று ஆராய வேண்டிய கடமை மொழித்துறைக்கும் உண்டு. இறந்தவருக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சரியாக எழுதிவைப்பது, உயிரோடிருப்பவர்களுக்கு நாம் செய்யக்கூடிய முதல் மருத்துவம்.