ஒரு முக்காற்புள்ளியின் வரலாறு

2010 ஏப்ரலில் உலகத்தின் திசுப்பொருத்த ஆய்வகங்கள் தங்கள் பதிவுகளில் ஒரு முக்காற்புள்ளியைச் சேர்த்தன. ஏ*0201 என்று எழுதிவந்தது ஏ*02:01 ஆனது. அவ்வளவுதான்.

1958இல் பாரிஸில் ழான் தோசே வெள்ளையணுக்களில் ஓர் அடையாளத்தைக் கண்டறிந்து 'மேக்' என்றார். இன்று அதன் பெயர் ஏ2. பின்னால் வந்த ஒவ்வொரு ஆய்வகமும் தன் இஷ்டத்துக்குப் பெயர் வைத்தது. 1964இல் பெர்னார்ட் ஏமோஸ் அமெரிக்காவின் டர்ஹாமில் எல்லோரையும் கூட்டி ஒரே செல்களைச் சோதிக்க வைத்தார். முடிவுகள் ஒத்துப்போகவில்லை. 1968இல் உலக சுகாதார நிறுவனத்தின் பெயரிடும் குழு உருவானது.

பெயரில் என்ன இருக்கு? ரத்தப் புற்றுநோயாளிக்கு உடன்பிறந்தவர் ஒருவர் முழுசாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். பொருந்தாவிட்டால் முன்பின் தெரியாத ஒருவரைத் தேட வேண்டும். லண்டனில் ஷெர்லி நோலன் தன் மகன் ஆண்டனிக்காக 1974இல் அதற்கொரு பதிவேடு தொடங்கினார். 1979இல் பொருத்தமான கொடையாளர் கிடைக்காமலே அவன் இறந்தான். பதிவேடு நிலைத்தது. பொருத்தம் தவறினால், ஏற்றிய செல்களே நோயாளியின் உடலைத் தாக்கும். அதனால் ஐந்து மரபணுக்கள், தாய்வழி ஒன்று தந்தைவழி ஒன்று என மொத்தம் பத்து இடங்களை ஒப்பிடுகிறார்கள்.

ஏ2 ஒரு ஆள் இல்லை, பெரிய குடும்பம் என்று டி.என்.ஏ. சோதனை காட்டியது. குடும்பத்துக்கு இரண்டு இலக்கம், உறுப்பினருக்கு இரண்டு இலக்கம். 99ஐத் தாண்டியதும் இடமில்லாமல் ஏ*92 என்று பக்கத்து வரிசையைக் கடன் வாங்கினார்கள். ப்ரோக்ராம் எழுதுறவங்களுக்குப் பழகின தலைவலி இது. முக்காற்புள்ளி வந்தபின் ஏ*9201 தன் வீட்டுக்கே திரும்பி ஏ*02:101 ஆனது. இன்று அந்தக் குடும்பத்தில் ஆயிரத்துக்கு மேல் உறுப்பினர்கள்.

வேலூர் சி.எம்.சி.யில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை 1986இல் தொடங்கியது. தாத்ரி பதிவேடு சென்னையில் 2009இல் பிறந்தது. ஓர் இனக்குழுவில் சகஜமான சேர்க்கை இன்னொன்றில் அபூர்வம். தலைமுறை தலைமுறையாகச் சாதிக்குள்ளேயே மணம் முடித்த நாட்டில் ஒரே ஊர்க்காரர்களை மட்டும் பதிந்தால் போதாது.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலையில் ஷிப்ட் பஸ்ஸில் ஏறுகிறவர்களைப் பாருங்கள். ஒடிசா, பீகார், அசாம், தருமபுரி. பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர்கள்; பதிவேடுகள் தேடுகிற வயது. எந்த ஊரில் வார்த்த உதிரிபாகமும் இங்கே லைனில் பொருந்துவதற்கு ஒரே அளவுமுறைதான் காரணம் என்பது அவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தடவினால் பதிவு முடிந்தது.

சிக்கல் அதற்கப்புறம். மரபணுவின் எண் ஆயுசுக்கும் மாறாது. ஒப்பந்தம் முடிந்து ஊர் மாறுகிறவரின் போன் எண் மாறும். என்றோ ஒருநாள் பத்துக்குப் பத்து பொருந்தி வரும்போது, அழைப்பை எடுக்க அவர் அந்த எண்ணில் இருக்க வேண்டும்.