பாலை: பிரிவா, பகுப்பா?

மேற்கத்திய இசையின் மைனர் சோகமானது, பாலைத்திணையின் உரிப்பொருள் பிரிவு, ஆகவே மைனருக்குத் தமிழ்ப்பெயர் பாலை என்று முடிச்சுப் போடுவாருண்டு. கேட்க இனிக்கிறது, சிலம்பின் உரையைப் புரட்டினால் நிற்கவில்லை. இசையில் பாலை என்பது சுரவரிசை, அவை ஏழு. அவற்றுள் மேற்செம்பாலை கல்யாணி, அரும்பாலை சங்கராபரணம். கல்யாண வீட்டில் நாகசுவரக்காரர் பிரிவாற்றாமையையா வாசிக்கிறார்? செம்பாலை அரிகாம்போதியா சங்கராபரணமா என்ற பழைய வழக்கில் நான் அரிகாம்போதிப் பக்கம். எப்பக்கம் நின்றாலும் ஏழின் சுற்றுக்குள் மேஜரும் மைனரும் சேர்ந்தே கிடக்கும். இரங்கலுக்குப் பெயர்போன பண் வேண்டுமானால் விளரி இருக்கிறது. புறநானூறு 291-இல் வீழ்ந்த வீரனருகே நரியை ஓட்டுவது அதுதான்.

இசையில் வரும் பாலை, ‘பால்’ என்பதன் வழி வந்தது. பகு என்னும் அடி நீண்டு பா ஆகும்: பகுதி பாதியானது, தோட்டத்துப் பாத்தியும் நிலத்தைப் பகுத்ததே, வள்ளுவரின் ‘பாத்தூண்’ பகுத்துண்ணும் உணவு. அறத்துப்பாலும் ஆண்பாலும் மேல்பாலும் இந்தக் குடும்பம். ஐ விகுதி ஏறியதும் பாலை. உரைகாரர் சொல்லும் ஆயம், வட்டம், சதுரம், திரிகோணம் என்ற நால்வகைப் பாலையில் பாலைவனம் எங்கே? வட்டப்பாலை என்பது 12 வீடுகளாகப் பகுத்த வட்டம், அவ்வளவே. பாலை யாழ் என்று நிலத்தோடு சேர்த்துச் சொல்லவில்லையா என்பர். முல்லை, குறிஞ்சி போல அந்த நிலப்பெயரும் தாவரப்பெயரே, பாலை என்னும் மரத்திலிருந்து வந்தது. ஒலி ஒன்றானதால் இரண்டும் ஒட்டிக்கொண்டன. வேங்கை மரமும் வேங்கைப் புலியும் ஒன்றென்று யாரும் சாதிப்பதில்லை.

பகுப்பு என்று கொண்டால்தான் மைனர் பிறக்கும் வழியும் விளங்கும். குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என ஏழு சுரங்களுக்கும் அலகு 22. ஒவ்வோர் எண்ணையும் அந்தச் சுரத்துக்குக் கீழுள்ள இடைவெளியாகக் கொண்டால், குரலில் தொடங்க அரிகாம்போதி வரும். தொடங்கும் இடத்தைத் துத்தத்துக்கு மாற்றினால் இடைவெளிகள் 3, 2, 4, 3, 2, 4, 4 என்று அமையும். மூன்றும் நான்கும் முழுச்சுரம், இரண்டு அரைச்சுரம். அதுவே படுமலைப்பாலை, நம் நடபைரவி, மேலைநாட்டாரின் இயற்கை மைனர். ஒரு நரம்பைக்கூடத் தொடவில்லை. எண்ணத் தொடங்கும் இடம் மட்டும் நகர்ந்தது. கீரவாணியும் மைனர்தானே, அது ஏன் ஏழில் இல்லை என்று மடக்கலாம். நடபைரவியின் நிஷாதத்தை அரைச்சுரம் உயர்த்தினால்தான் கீரவாணி. மேல்நோக்கித் தைவதத்தையும் உயர்த்தினால் கௌரிமனோகரி. இவை சுரத்தையே மாற்றிச் செய்தவை. வட்டத்தை எத்தனை முறை சுற்றினாலும் கிடைக்கா.

மைனர் என்ற சொல்லிலும் கண்ணீர் இல்லை. இலத்தீனில் அது ‘சிறியது’. சட்ஜத்துக்கும் காந்தாரத்துக்கும் இடையே 4 அரைச்சுரம் இருந்தால் பெரியது, 3 இருந்தால் சிறியது. (ஜமீன் சொத்து கைக்கு வரும் வயதாகாதவர் மைனராகி, பிறகு நம்மூரில் சில்க் ஜிப்பாவோடு உல்லாசமாய்த் திரிபவரெல்லாம் மைனரானது வேறு கதை.) அவர்கள் இடைவெளியை அளந்து பெயரிட்டார்கள், நம்மவர் வட்டத்தைப் பகுத்துப் பெயரிட்டார்கள். பாலை அளவுப்பெயரே. மணல் அதில் பிற்காலத்தார் கொட்டியது.