குரலுக்கு உரியவர் யார்?

நாடகம் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர்கள் கதாநாயகனும் கதாநாயகியுமே ஆவர். தோழனாகவும், அமைச்சனாகவும், அயல்வீட்டுக்காரனாகவும் வந்து போகும் துணை நடிகரை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். வானொலி நாடகத்திலோ அவருடைய நிலை இன்னும் இரங்கத்தக்கது. மேடையிலே அவருக்கு ஒரு முகமேனும் உண்டு. வானொலியில் குரல் ஒன்றே அவருடைய உடைமை. அந்தக் குரலும் பிறருடைய குரலாக மாறிவிடுமானால் அவருக்கென்று எஞ்சுவது யாது? இந்த வினாவை நம் முன் நிறுத்துகிறது, ஆங்கில நடிகர் நார்மன் ஷெல்லியின் வரலாறு.

ஷெல்லி 1903ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் பிறந்தார். பி.பி.சி. என்னும் ஒலிபரப்பு நிலையம் 1922ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆகவே, வானொலி நாடகம் என்னும் கலை அவர் வாலிபராயிருந்தபோதுதான் பிறந்தது. முதலில் மேடை நாடகங்களையே ஒலிபரப்பி வந்தனர். 1924ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள், ரிச்சர்டு ஹ்யூஸ் என்பவர் வானொலிக்கென்றே எழுதிய நாடகம் ஒன்று ஒலிபரப்பாயிற்று. நிலக்கரிச் சுரங்கம் ஒன்றிலே திடீரென விளக்குகள் அணைந்துவிடுகின்றன. அந்த இருளிலே கதை நிகழ்கிறது. கண்ணுக்கு வேலையில்லாத இடத்தைத் தேடிக் கதையை அங்கே அமைத்தது அந்த ஆசிரியரின் நுண்ணறிவு.

மேடையில் பயின்ற ஷெல்லி இப்புதிய கலைக்குத் தம் குரலை ஒப்படைத்தார். சிறுவர் நிகழ்ச்சிகளில் மில்னே என்னும் எழுத்தாளர் படைத்த கரடிக் குட்டியாகவும், மற்றொரு தொடரில் நாயாகவும் பேசி, ஒரு தலைமுறைக் குழந்தைகளை மகிழ்வித்தார். 1952ஆம் ஆண்டு முதல் 1969ஆம் ஆண்டு வரையில், கார்ல்ட்டன் ஹாப்ஸ் துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸாக நடிக்க, ஷெல்லி அவருடைய நண்பர் டாக்டர் வாட்ஸனாக நடித்தார். வாட்ஸன் என்பது துணைப் பாத்திரமே. ஆயினும் வானொலியில் அப்பாத்திரத்தின் இன்றியமையாமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஹோம்ஸ் தரையிலே கண்ட காலடிச் சுவட்டை நேயர் காண இயலாது. "அங்கே என்ன காண்கிறீர்?" என்று வாட்ஸன் கேட்டால்தான் அது நமக்கும் புலப்படும். துணை நடிகர் இங்கே நேயரின் கண்ணாகவே விளங்குகிறார். பிற்காலத்தில் 'ஆர்ச்சர்ஸ்' என்னும் கிராமத் தொடரிலும் ஷெல்லி ஓய்வுபெற்ற கர்னலாக நடித்தார். 1980ஆம் ஆண்டு அவர் காலமானார்.

இவ்வளவு உழைத்த அவருடைய பெயர் உலகில் பரவியதோ வேறொரு செய்தியால். 1940ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள், பிரதமர் சர்ச்சில் காமன்ஸ் சபையில், கடற்கரைகளிலும் போரிடுவோம் என்று முழங்கிய சொற்பொழிவு யாவரும் அறிந்தது. அன்றிரவு அதனை வானொலியில் பேசியவர் சர்ச்சில் அல்லர், அவரைப் போலக் குரல் மாற்றிப் பேசிய ஷெல்லியே என்பதுதான் அச்செய்தி. முதுமையில் அவரே இவ்வாறு கூறியதாகவும் சொல்லப்பட்டது. இது மெய்யானால், பேராபத்தில் இருந்த ஒரு நாட்டு மக்கள் தம் தலைவனின் குரலென்று நம்பியது ஒரு நடிகனின் குரலை என்றாகும். ஆகவே இது வெறும் வேடிக்கைக் கதையன்று.

சான்றுகளைப் பார்ப்போம். காமன்ஸ் சபையின் நடவடிக்கைகள் 1978ஆம் ஆண்டு வரையில் முறையாக ஒலிபரப்பப்படவில்லை. எனவே அந்தச் சொற்பொழிவு சபையிலிருந்து நேரே வானொலிக்கு வரவில்லை. அன்று மாலை செய்தி வாசிப்பவர் ஒருவர் அதன் சில பகுதிகளைப் படித்தார். ஜூன் 18ஆம் நாள் மற்றொரு சொற்பொழிவைச் சர்ச்சில் தாமே வானொலியில் நிகழ்த்தினார். கடற்கரைச் சொற்பொழிவை அவர் தம் குரலில் ஒலிப்பதிவு செய்தது 1949ஆம் ஆண்டிலேதான். போர்க்காலத்தில் அதை அவர் வாயாலேயே கேட்டதாகப் பின்னாளில் பலர் நினைவுகூர்ந்தனர். பின்னர்க் கேட்ட இசைத்தட்டை முன்னர்க் கேட்டதாக மனம் மாற்றிக்கொண்டது போலும்!

2000ஆம் ஆண்டில் பழைய இசைத்தட்டு ஒன்று வெளிப்பட்டது. சர்ச்சிலின் சொற்பொழிவு, நடிகர் ஷெல்லி என்னும் குறிப்பு அதில் இருந்தது. "இதோ சான்று" என்று சிலர் கூறினர். ஆனால் அதில் பொறித்திருந்த நாள் 1942ஆம் ஆண்டு செப்டம்பர் 7. சர்ச்சிலின் சொற்களை ஷெல்லி ஒருமுறை பதிவு செய்தார் என்பதை அத்தட்டு மெய்ப்பிக்கிறது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜூன் மாத இரவில், அவர் பிரதமராக நடித்து நாட்டை நம்பவைத்தார் என்பதை அது மெய்ப்பிக்கவில்லை. இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளியை உணர்வதே வரலாறு பயிலும் மாணவனின் முதற்கடமை.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் நம் முன்னோர். காதையே நம்பி வாழும் வானொலிக்கு இம்மொழி மிகவும் பொருந்தும். சான்றில்லாத ஓர் இரவின் புகழ் ஷெல்லிக்கு வேண்டுவதில்லை. பதினேழு ஆண்டுகள் மற்றொருவருடைய அறிவு விளங்கும்படி, தாம் வியந்து வினவி நின்றாரே, அந்தக் குரல் ஐயத்திற்கு இடமின்றி அவருடையது. அதற்குரிய புகழே அவருக்குப் போதுமானது.