வீட்டில் நோயாளர் பராமரிப்பு: இங்கிலாந்தின் அனுபவம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

முதுமையுற்ற பெற்றோரையும் பிணியுற்ற உறவினரையும் வீட்டில் வைத்துப் பேணுதல் கீழைத்தேய மக்களுக்கே உரிய பண்பு என்றும், மேலைத்தேயத்தார் அப்பொறுப்பினை எளிதில் அரசிடம் ஒப்படைத்துவிடுவர் என்றும் ஒரு கருத்து நிலவி வருகின்றது. இங்கிலாந்தின் சமூக வரலாறு இக்கருத்துக்கு இடந்தருவதாயில்லை. வசதி படைத்த பிள்ளைகள் தம் வறிய, முதிய, அங்கவீனமுற்ற பெற்றோரைத் தாபரித்தல் வேண்டும் என 1601ஆம் ஆண்டின் வறியோர் சட்டம் தெளிவாகவே விதித்திருந்தது. இக்கடப்பாடு 1948இலேயே நீக்கப்பட்டது. ஆயின், சட்டம் எதிர்பார்த்தது பொருளுதவியையே. படுக்கையிற் கிடப்பவரைத் திருப்பிக் கிடத்துவதும், உணவூட்டுவதும், இரவிற் கண்விழித்திருப்பதும் யாருடைய கடமை என்பது பற்றி அது எதுவும் கூறவில்லை. அவற்றைச் செய்தற்கு வீடுதோறும் ஒரு பெண் இருப்பாள் என்பது சொல்லாமலே கொள்ளப்பட்டது. பின்வந்த ஏற்பாடுகள் பலவும் இவ்வெண்ணத்தின் மீதே எழுந்தன.

கைத்தொழிற் புரட்சி இவ்வெண்ணத்தைப் பெரிதும் சோதித்தது. துறைமுக நகராகிய லிவர்பூலில் நாட்கூலிக்கு உழைத்தோரின் நெருக்கமான குடியிருப்புகளில் ஒருவர் நோயுற்றால் வருவாய் நின்றது. பார்ப்பதற்கு ஆளும் இல்லாதொழிந்தது. நன்கொடையால் நடந்த வைத்தியசாலைகள் நாட்பட்ட நோயாளரையும் தீரா நோயாளரையும் பெரும்பாலும் ஏற்கவில்லை. எஞ்சியது, 1834ஆம் ஆண்டின் சட்டத்தால் வேண்டுமென்றே கடுமையாக்கப்பட்ட வறியோர் இல்லம். அதன் வாயிலை மிதிப்பதைவிட வீட்டிலேயே இறப்பது மேல் எனப் பலர் எண்ணினர்.

இந்நகரின் வணிகராகிய வில்லியம் ரத்போன் 1859இல் தம் மனைவியை இழந்தார். அவரது இறுதி நோயின்போது வீட்டிலிருந்து பணிவிடை செய்தவர் மேரி ரொபின்சன் என்னும் தாதி. வசதிகள் அனைத்தும் நிறைந்த தமது வீட்டிலேயே தேர்ந்த தாதி ஒருவரின் உதவி இத்துணை இன்றியமையாததாயின், எதுவுமற்ற ஏழையின் வீட்டில் நிலை என்னவாகும் என ரத்போன் சிந்தித்தார். ஏழை நோயாளரை அவர்தம் வீடுகளுக்கே சென்று பராமரிக்குமாறு அத்தாதியை மூன்று மாதங்களுக்குச் சம்பளத்துடன் அமர்த்தினார். ஒரு மாதம் கழிந்ததும் அவர் கண்ணீருடன் திரும்பினார். அத்துயரைக் காணச் சகியாது விலக விரும்பினார். ரத்போன் தேற்றி அனுப்ப, தவணை முடிந்தபோது அவரே அப்பணியைத் தொடர விரும்பினார். துயர் பெரிதாயினும் அதனைத் தணித்தல் இயலும் என்பதை அவர் கண்டிருந்தார்.

ஒரு தாதியாற் பயனில்லை. பலரைத் தேடியபோது பயிற்சி பெற்றோர் கிடைக்கவில்லை. ரத்போன் புளோரன்ஸ் நைற்றிங்கேலின் ஆலோசனையை நாட, அவர் லிவர்பூலிலேயே தாதியரைப் பயிற்றுமாறு கூறினார். 1862இல் பயிற்சிப் பாடசாலை நிறுவப்பெற்றது. சில ஆண்டுகளில் நகர் 18 பிரிவுகளாக வகுக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு தாதியும், அவரை மேற்பார்வை செய்யச் செல்வக் குடும்பத்துச் சீமாட்டி ஒருவரும் அமைந்தனர். தாதி காயங்களுக்குக் கட்டிட்டதோடு அமையாது, அறையைத் துப்புரவாக்கி, காற்றுவர வகைசெய்து, தாம் இல்லாத வேளையில் நோயாளரைப் பேணும் முறையை வீட்டாருக்குக் கற்பித்தார். இங்கு ‘வீட்டார்’ என்பது நடைமுறையில் மனைவியையோ மகளையோதான் குறித்தது. ஒரு தாதி பல வீடுகளை ஒரே நாளில் கவனிக்க முடிந்தமைக்கு அவர் சென்றபின் எஞ்சிய நேரத்தை அப்பெண்கள் சுமந்தமையே காரணம். இத்திட்டத்தின் சிக்கனத்தைப் புகழ்வோர் இதனைக் கணக்கிற் கொள்வதில்லை.

தொடக்கத்தில் லிவர்பூல் தாதியர் உணவும் துணிமணியும் வழங்கினர். 1874இல் இலண்டனில் தோன்றிய சங்கத்தின் தலைமைத் தாதி புளோரன்ஸ் லீஸ் இதனை எதிர்த்தார். தானம் வழங்குபவரைத் தானத்திற்காகவே மக்கள் வரவேற்பர். தாதியோ தன் தொழிற்றிறனுக்காக மதிக்கப்படல் வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. தாதித் தொழில் தனித்தொழிலாக வளர இது உதவியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பசித்த வீட்டில் மருந்துக்கட்டு மாத்திரம் எவ்வளவு பயன்தரும் என்னும் வினா விடையின்றியே நின்றது.

விக்ரோறியா மகாராணியின் 1887ஆம் ஆண்டுப் பொன்விழா நிதியில் எஞ்சிய 70,000 பவுணைக் கொண்டு இச்சேவை நாடளாவிய நிறுவனமாயிற்று. 1948இல் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது வீட்டுத் தாதிச் சேவை உள்ளூராட்சி அதிகாரசபைகளின் கட்டாயக் கடமையாயிற்று. ஆனால், சமையலுக்கும் துப்புரவுக்கும் வீட்டுதவியாளரை அனுப்புதல் விரும்பினாற் செய்யத்தக்க ஒன்றாகவே விடப்பட்டது. 1968ஆம் ஆண்டின் சட்டமே அதனையும் கடமையாக்கியது. அது நடைமுறைக்கு வந்தது 1971இல்.

வீட்டிலிருந்து பராமரித்தோர் பொதுவாழ்வில் முதன்முதலாகக் குரலெழுப்பியது 1960களிலேயே எனலாம். பெற்றோரைப் பேணுதற்காக 1954இல் தம் பணியைத் துறந்த மேரி வெப்ஸ்ரர் என்னும் சமயப் போதகர், மணமாகாத பெண்களின் இந்நிலை குறித்து 1963இற் பத்திரிகைகளுக்கு எழுதினார். தம் நிலையும் அதுவே எனப் பலர் பதிலெழுத, 1965இல் அவர்களுக்கென ஒரு தேசிய சபை உருவாயிற்று.

1976இல் அறிமுகமான நோயாளர் பராமரிப்புக் கொடுப்பனவு இக்கோரிக்கையின் பெருவெற்றி. வாரத்தில் 35 மணிநேரத்துக்குக் குறையாது பராமரிப்போருக்கு அது உரியது. மணமான ஆணும் அதனைப் பெறலாம். மணமான பெண்ணோ, ஆணொருவருடன் கூடிவாழும் பெண்ணோ பெறல் இயலாது. அத்தகையோர் எவ்வாறாயினும் வீட்டிலேயே இருப்பர் என்பது அரசின் நியாயம். 1601இற் சொல்லாது விடப்பட்டது, 1976இற் சட்டத்தில் எழுத்திலேயே இடம்பெற்றது!

1984இல் ஜக்குலின் டிரேக் என்னும் மணமான பெண், கடும் அங்கவீனமுற்ற தம் தாயைப் பராமரிக்கவென வேலையைத் துறந்தார். கொடுப்பனவு மறுக்கப்பட்டதை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கு, சமூகப் பாதுகாப்பில் ஆண் பெண் சமத்துவத்தை வலியுறுத்தும் ஐரோப்பியப் பணிப்புரையின் அடிப்படையில் ஐரோப்பிய நீதிமன்றத்தை எட்டியது. 1986 யூன் 24இல் தீர்ப்பு அவர் பக்கமாயிற்று. அதற்கு முந்திய நாளே, தோல்வியை எதிர்பார்த்த பிரித்தானிய அரசு, மணமான பெண்களுக்கும் கொடுப்பனவை வழங்குவதாக அறிவித்திருந்தது. பணிப்புரை நடைமுறைக்கு வந்த 1984 டிசெம்பர் 22 முதலான நிலுவையும் வழங்கப்பட்டது. அதற்கு முந்திய எட்டு ஆண்டுகளுக்கு அப்பெண்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை.