சாணி கேஸில் ஓடிய ஆயில் இன்ஜின்

எங்க ஊர் பெரிய தோட்டத்துல கிணத்து மேட்டோரமா துருப்பிடிச்சுக் கிடந்த இரும்பு டிரம்மை போன வாரம் எடைக்குப் போட்டுட்டாங்க. இப்ப இருக்கிற பசங்க அதைப் பழைய தண்ணித் தொட்டின்னு நினைச்சிருப்பாங்க. 1980களோட தொடக்கத்துல, நான் எட்டாவது படிக்கிறப்போ, அதுதான் எங்க ஊருக்கே வேடிக்கை. சாணியில வர்ற கேஸ்ல ஆயில் இன்ஜினை ஓட்டித் தண்ணி இறைச்சாங்க.

கேஸ்ல இன்ஜின் ஓடுறது நம்ம பெரியவங்களுக்குப் புதுசு இல்ல. ரெண்டாம் உலகப்போர்ல பெட்ரோல் கிடைக்காதப்போ பஸ்ஸெல்லாம் கரி கேஸ்ல ஓடின கதையை எங்க அப்பாரு சொல்லுவாரு. ஆனா அது பெட்ரோல் இன்ஜின். பிளக்ல பொறி வரும், கேஸ் பத்திக்கும். டீசல் இன்ஜின்ல பிளக்கே கிடையாது. காத்தை அழுத்துற சூட்டுல டீசல் தானாப் பத்திக்கணும். டீசல் பத்த 200 டிகிரிக்குக் கொஞ்சம் மேல இருந்தாப் போதும். சாணி கேஸ்ல இருக்கிற மீத்தேனுக்கு 500க்கு மேல வேணும். அதனால கேஸை மட்டும் விட்டா இன்ஜின் ஓடாது. கொஞ்சம் டீசலைப் பீச்சித் தீ மூட்டினா, அந்தத் தீயில கேஸ் எரியும். இந்த யோசனையும் ருடால்ஃப் டீசலோடதுதான். 1901லயே அமெரிக்காவுல இதுக்குக் காப்புரிமை வாங்கிட்டாரு.

நம்ம நாட்டுல 1897லயே பம்பாய் மாதுங்கா தொழுநோயாளர் இல்லத்துல கழிவுல இருந்து கேஸ் எடுத்து இன்ஜின் ஓட்டியிருக்காங்க. 1950கள்ல ஜஷ்பாய் படேல் மிதக்கிற டிரம் வச்ச கலனை உருவாக்கினாரு. அறுபதுகள்ல கதர் கிராமத் தொழில் ஆணையம் அதை ஊர் ஊராக் கொண்டுபோச்சு. 1973ல எண்ணெய் விலை ஏறினதும் எல்லாரும் சாணியைத் திரும்பிப் பாத்தாங்க. எங்க ஊருக்கு டிரம் வந்தது அந்த அலையிலதான்.

ஓட்டுற விதம் எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. முதல்ல டீசல்லயே கைப்பிடி போட்டுச் சுத்தி ஸ்டார்ட் பண்ணுவாங்க. சூடானதும், காத்து இழுக்கிற குழாயில சேத்திருந்த கேஸ் வால்வை மெதுவாத் திறப்பாங்க. இன்ஜின் வேகமெடுக்கப் பாக்கும், உடனே கவர்னர் டீசலைக் குறைச்சிரும். சத்தம் மாறுறதை வெச்சே எவ்வளவு திறக்கணும்னு அந்தத் தோட்டத்துப் பெரியப்பா கண்டுபிடிச்சிருவாரு. அதிகமாத் திறந்தா சம்மட்டியில அடிக்கிற மாதிரி இடிக்கும். சரியா வச்சா அஞ்சுல நாலு பங்கு டீசல் மிச்சம். சாணி கேஸ்ல மூணுல ஒரு பங்குக்கு மேல கரியமில வாயு, அது எரியாது. அதனால இழுவை கொஞ்சம் குறையும்.

புகைதான் பெரிய வித்தியாசம். எங்க இன்ஜின் ரூம் சுவரு அடுப்பங்கரை மாதிரிக் கருப்பு. அங்க அப்படி இல்ல. கரிப்புகையும் நைட்ரஜன் புகையும் கேஸ்ல குறைவு. ஆனா எல்லாமே சுத்தம்னு சொல்ல முடியாது. சுமை கம்மியா ஓட்டினா கேஸ் காத்துல நீர்த்துப் போகும். டீசல் தீ மூலைக்கெல்லாம் எட்டாம, எரியாத மீத்தேன் அப்படியே வெளிய போகும். அது கரியமில வாயுவை விடப் பல மடங்கு பூமியைச் சூடாக்கும். இப்ப எல்.என்.ஜி. ஏத்திப் போற பெரிய கப்பல்கள்லயும் இதே மாதிரி ரெட்டை எரிபொருள் இன்ஜின்தான், இதே குறையும் இருக்கு. இதுபோக அழுகின முட்டை நாத்தம் அடிக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு. அது புஷ்ஷையும் பேரிங்கையும் அரிச்சிரும். அதுக்காகவே லேத் பட்டறையில இரும்புச் சுருள் வாங்கித் துருப்பிடிக்க வச்சு, கேஸ் வர்ற வழியில போட்டு வைப்பாங்க.

எங்கப்பாவுக்கும் ஒண்ணு போடணும்னு ஆசை. டீசலுக்குக் கடன் சொல்லிச் சொல்லி அவருக்கு வெறுத்துப் போச்சு. பெரியப்பாதான் திண்ணையில உக்காரவச்சுக் கணக்குச் சொன்னாரு. அஞ்சு ஹெச்.பி. இன்ஜினுக்கு மணிக்கு ரெண்டேகால் கன மீட்டர் கேஸ் வேணும். ஒரு கன மீட்டருக்கு 25 கிலோ பச்சைச் சாணி. அப்போ ஒரு மணி நேரத்துக்கு 56 கிலோ. மாட்டுக்கு நாளைக்குப் பத்துக் கிலோன்னு வச்சா, அஞ்சாறு மாடு சேந்து ஒரு மணி நேரம் ஓட்டலாம். அவர்கிட்ட இருபதுக்கு மேல உருப்படி இருந்துச்சு. எங்ககிட்ட ஒரு சோடி காளை, ரெண்டு எருமை. முக்கால் மணி நேரம்கூட வராது. வாய்க்கால் நனையுறதுக்குள்ள கேஸ் தீந்துரும். அடுப்புக்கு வேணா போட்டுக்கோன்னாரு. அப்பா ஒண்ணும் பேசாம எந்திரிச்சு வந்துட்டாரு.

அந்த இன்ஜின் பழுதாகி நின்னதுன்னு ஊர்ல சொல்றாங்க, அது தப்பு. 1990ல விவசாயிகள் எல்லாருக்கும் கரண்ட் இலவசமாச்சு. தினமும் ஒரு வண்டிச் சாணியைக் கரைச்சு ஊத்தணும்னு யாருக்குத் தலையெழுத்து? ஸ்விட்சைப் போட்டாத் தண்ணி. அப்புறம் டிராக்டர் வந்து காளைங்களும் போயிருச்சு. தண்ணியும் கீழ இறங்கி, கிணத்துக்குள்ள போர் போட்டு, சப்மெர்சிபிள் இறக்கினாங்க. அந்த ஆழத்துக்குப் பழைய இன்ஜின் பம்பு இழுக்கவும் இழுக்காது.

டிரம் இருந்த இடத்துல செங்கல் குழி மட்டும் திறந்து கிடக்கு. உள்ள மழைத்தண்ணி. ஆட்டுக்குட்டி எதுவும் விழுறதுக்குள்ள கல்லுப் பலகை போட்டு மூடச் சொல்லியிருக்கேன்.